கீழ்வீட்டு வாளி

"விட்டுடாதே, இறுக்கிப் பிடி!" என்றான் மருதப்பன்.

மங்களம் கிழிந்த வேட்டித் துண்டைக் குழாயின் மேல் வைத்து அழுத்தினாள். விரிசலிலிருந்து பீச்சிய தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது.

துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்தவன், இன்னும் தூங்கவில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, கம்பியால் கட்டினான். அப்படியும் ஒழுகியது. பலகைத் தரையின் இடுக்கு வழியே தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்கியது.

"குழாய்க்காரர் ரவூப் எப்ப வருவாராம்?" என்றாள் மங்களம்.

"நாலு மணிக்கு மேலதான். காத்தோங் பக்கம் ஒரு வீட்டுல வேலையா இருக்காராம்."

"அதுக்குள்ள வீட்டுக்காரர் காதுக்குப் போயிடும். இன்னொரு தடவை கீழே ஒழுகினா வீட்டைக் காலி பண்ணணும்னு ஒலி முகம்மது பாய் போன மாசமே சொல்லிட்டார்."

"அவர்கிட்ட யாரு சொல்லப்போறா?"

"கீழே உர்சுலா இருக்காளே, போதாதா? போன மாசம் சொன்னது யாருன்னு நினைச்சீங்க?"

அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

சற்று நேரத்தில் ஒழுக்கு குறைந்தது. பிறகு நின்றேவிட்டது.

"பார்த்தியா, என் கட்டு!" என்றான் மருதப்பன். "குழாயைத் திறந்துடாதே. மறுபடி பீச்சும்." சுவரில் சாய்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்தான்.

மங்களம் தரையைத் துடைத்துப் பிழிந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

உர்சுலா தெருக்குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் வாளி. உள்ளே போனாள். காலி வாளியோடு மறுபடி வந்தாள்.

"ஏங்க, இந்தக் கூத்தைப் பாருங்க! வீட்டுக்குள்ள குழாயை வெச்சுக்கிட்டுத் தெருவில பிடிக்கிறா. நம்ம ஒழுக்கால வீடே நாறிப்போன மாதிரி, கழுவிவிட வாளி வாளியாத் தூக்கி ஊருக்குக் காட்டறா."

"விடு" என்றான், கண்ணைத் திறக்காமல்.

ஆறாவது வாளிக்கு ஒலி முகம்மது எதிரே வந்துவிட்டார். ஏதோ கேட்டார். உர்சுலா வாளியை இறக்கிவைத்து, வீட்டைக் கைகாட்டி நிறையச் சொன்னாள். அவர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மங்களம் ஜன்னலை விட்டு நகர்ந்தாள். "முடிஞ்சுது. சொல்லிட்டா."

அழக்கூடத் தெம்பில்லை. பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

நாலரை மணிக்கு ரவூப் வந்தார். டியூபைப் பிரித்தார். விரல் நீளத்துக்கு விரிசல்.

"இந்தக் கட்டெல்லாம் இதை நிறுத்தாது லா" என்றார்.

"நின்னுச்சே!" என்றான் மருதப்பன்.

"கீழே வால்வை மூடியிருக்காங்க. மேலுக்கும் கீழுக்கும் அது ஒண்ணுதான். மூடினா அவங்க வீட்லயும் சொட்டுத் தண்ணி வராது."

மங்களம் கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை, தங்கச்சி." ரவூப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார். "வர்ற வழியில ஒலி முகம்மது பாய் என்னைப் பிடிச்சு, கீழ்வீட்டுக் குழாயையும் பாருன்னார். தன் குழாய் உடைஞ்சுதான் வீடெல்லாம் நனைஞ்சுதுன்னு அந்தம்மா சொன்னாங்களாம். போய்ப் பார்த்தேன். அதுல ஒரு கீறல்கூட இல்லையே!"