அரசியின் குடிசை

முட்டையிட வேண்டிய வேளையில் சிட்டுக்குருவிக்குக் கூடு போயிற்று. அது குடியிருந்த தோட்டக்காரன் குடிசையை அரண்மனை ஆட்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள். குருவி நேரே அரண்மனைத் தோட்டத்துக்குப் பறந்தது. அங்கே அரசி ஆசைப்பட்டுக் கட்டிய புதுக்குடிசை ஒன்று இருந்தது. கூடு கட்டக் கூரையில் ஓர் ஓலையை இழுத்துப் பார்த்தது. கம்பி போட்டு முறுக்கியிருந்ததால் அசையவே இல்லை. ஜன்னல் வழியாக உள்ளே போய், மூலையில் இருந்த அடுப்பிடம் குருவி கேட்டது:

"அடுப்பண்ணே, சோறு எப்ப வடிப்பாங்க? நாலு பருக்கை சிந்தினாப் போதும்."

"வடிக்கவா? என் மேல இருக்கிற கரியே சாயம்தான், தாயி. வெள்ளிக்கிழமை அரசி வருவாங்க. முறத்தைக் கையில புடிச்சுக்கிட்டு, 'ஏழை வாழ்க்கைதான் எவ்வளவு அழகு!'ம்பாங்க. போயிடுவாங்க."

"அவ்வளவு பிரியம்னா எங்க குடிசையை ஏன் இடிச்சாங்க?"

அடுப்பு தயங்கித் தயங்கிச் சொன்னது:

"இந்த ஜன்னல்ல உட்கார்ந்து பார்த்தா, அது அசிங்கமாத் தெரிஞ்சுதாம்."