பச்சைக் கோடு

பழைய பிக்கப்புக்குப் பொருந்தும் சக்கரம் தேடி டிரைவர் ஏறி இறங்காத கடை இல்லை. மகளை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டுக் கடைசியாகப் பழைய இரும்புக் கடைக்குள் போனார். மூலையில் நான்கு கிடந்தன. அளவு அச்சு அசலாக ஒத்துப்போனது.

நட்டு தளர்ந்தால் தெரியட்டும் என்று, முடுக்கியதும் மகளின் நெயில் பாலிஷால் நட்டிலிருந்து சக்கரம் வரை கோடு இழுப்பது அவர் வழக்கம். இதுவரை எல்லாம் சிவப்புதான். இந்த நான்கிலும் நட்டுத் துளையோரம் அவருடைய அதே கோணல் கோடு, பச்சையில்.

"எந்த வண்டியில கழட்டினதுண்ணே?"

"இதே மாதிரி பிக்கப்தான்," என்றார் கடைக்காரர். "நசுங்கி வந்துச்சு. அப்பாவும் பொண்ணுமாம். ரெண்டு பேரும் போய்ட்டாங்க."

"வேற சக்கரம் இல்லையா?"

"இந்த வண்டிக்கு எங்க தேடினாலும் இனி இதுதான்."

வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. சக்கரங்களை ஒவ்வொன்றாக வெளியே உருட்டினார். முன் சீட்டில் மகள் புது பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சிவப்பு தீந்துபோச்சு. பச்சை பரவாயில்லையா?"