தோற்காத மாணவர்கள்

வெல்டிங் படிக்க வேண்டுமென்று விண்ணப்பத்தோடு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போனாள் முப்பத்தெட்டு வயது செண்பகவல்லி. வகுப்பில் நாற்பது நாற்காலிகளிலும் ஆளில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு திரை, திரைக்குள் கணினி வரைந்த முகம்.

“இவங்கதாம்மா மாணவர்கள். ஒருத்தரும் தோக்க மாட்டாங்க,” என்றார் நிர்வாகக் குழுத் தலைவர். “தேர்ச்சியப் பாத்துத்தான் அரசு மானியம் தருது. உங்கள மாதிரி மனுஷங்க சேர்ந்து ஃபெயில் ஆனா எங்க பொழப்பே போச்சு.”

கூட நின்ற மற்ற நான்கு குழுவினரும் முந்திரியை மென்றபடி ஆமோதித்தார்கள். அவள் திரும்பி நடந்தாள்.

“கொஞ்சம் நில்லுங்க. வெள்ளிக்கிழமை அமைச்சர் வர்றாரு, கைதட்ட ஆள் வேணும். சாப்பாடு உண்டு,” என்று கூப்பிட்டார் தலைவர்.

செண்பகவல்லி நின்று, திரைகளைக் கைகாட்டினாள்.

“அதையும் இதுங்களுக்கே கத்துக்குடுங்க சார். இல்லேன்னா நீங்க அஞ்சு பேரும் தட்டுங்க. உங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்?” என்று கேட்டுவிட்டு, எதிரிலிருந்த வெல்டிங் பட்டறையில் வேலை கேட்கப் போனாள்.