ஒழுகாத குழாய்

"அத்தை, பின்னாடி என்னமோ கத்துது."

கழிவுநீர்த் தொட்டியின் மணிதான். சிவப்பு விளக்கும் எரிந்தது. தையல்காரம்மா மெஷினை விட்டு ஓடிப்போய் மணியை ஒரு தலையணையால் அமுக்கினாள். அது தலையணைக்குள்ளிருந்தும் கத்தியது.

"தொட்டி நெறஞ்சிடுச்சு. இப்ப பம்ப்பைப் பாக்க வந்துடுவாங்க. புள்ளையத் தூக்கிட்டு உள்ள போ."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல ஏறிடுவேன் அத்தை."

"தெரியாது. போ."

அந்தப் பெண் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம். 'இனி இந்த ஊரில் கால் வைக்காதே' என்று அப்பா சொன்னது சொன்னதுதான். இப்போது பிரசவமாகி முப்பது நாள், புருஷன் வெளியூர் வேலையில், துணைக்கு ஆளில்லை. நான்கு நாளாக இங்கே ஒளிந்திருக்கிறாள். பச்சை உடம்போடு இவள் பஸ் ஏறினால் என்ன ஆவது?

சைக்கிள் வந்து நின்றது. ஊர்க்கோடியில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலிருந்தும் கழிவைத் தள்ளும் பம்ப்புகள் எல்லாம் பம்ப்காரரின் பொறுப்பு. கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

"என்னக்கா, மணிக்குத் தூக்கம் வருதா? தலையணை வெச்சிருக்க?"

"காது வலிச்சுது தம்பி."

பம்ப்பைத் தூக்கிக் கொக்கியால் கிளறினார். சிக்கியிருந்த, குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள்கள் கொத்தாக வந்தன.

"இது என்ன?"

"தையல் துணிப்பா. வெட்டுத் துணி விழுந்திருக்கும்."

"இருபது வருஷமா இந்த ஊரு தொட்டிய எல்லாம் மோந்து பாக்கறேன். பவுடர் வாசனை அடிக்கிற மொதத் தொட்டி உன்னுதுதான்."

உள்ளே குழந்தை சிணுங்கியது.

"டிவி," என்றாள் தையல்காரம்மா.

"கரன்ட்ட நான்தான் இப்ப நிறுத்தினேன்," என்றார் அவர், தலை நிமிராமல்.

பம்ப்பை இறக்கி, மூடியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டார். தொட்டி கடகடவென்று இறங்கியது. ஆனால் ஆள் கிளம்பவில்லை.

"உன் ஒருத்திக்கு பம்ப் ஒரு நாளைக்கு ஆறு நிமிஷம் ஓடும். நாலு நாளா இருபத்தஞ்சு நிமிஷம்னு அங்க நிலையத்துப் பலகையில காட்டுது."

"குழாய் ஒழுகுது தம்பி. மாத்தணும்."

"ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருவாட்டி, நாலு மணிக்கு ஒருவாட்டி. மணி பாத்து ஒழுகுற குழாய இப்பத்தான் பாக்கறேன்."

இவ்வளவு தெரிந்தவர் நான்கு நாளாக ஏன் சும்மா இருந்தார் என்று தையல்காரம்மா யோசித்தாள்.

பம்ப்காரர் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். பிறகு இன்னொரு முறை கழுவினார். நேராக நடந்து போய், சாத்தியிருந்த அறைக் கதவுக்கு ஓர் அடி முன்னால் நின்றார். தையல்காரம்மா குறுக்கே பாய்ந்தாள்.

"தம்பி, வேணாம். சொன்னாக் கேளு."

"உள்ள வரல. பயந்துக்க வேணாம்னு சொல்லு." கதவைப் பார்த்தபடி கேட்டார். "எனக்குப் பொறந்திருக்கறது பேரனா, பேத்தியா? அத மட்டும் சொல்லுக்கா."