தட்டிப் பார்த்தவர்

வந்ததும் வராததுமாகப் பெரியவர் புதுக் காரின் கதவை விரல் முட்டியால் தட்டினார்.

"என்ன தம்பி, தகர டப்பாவா?"

போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். கார் விற்கும் வேலையில் எனக்கு ஆகவே ஆகாதவர்கள் இந்தப் பழைய வண்டிக்காரர்கள்தான்.

இப்போதெல்லாம் தொடுதிரை எத்தனை பெரிது, கூரை திறக்குமா என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை வருஷம் உழைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. வண்டி தேய்வதற்குள் அவர்களுக்கே அலுத்துவிடுகிறது.

இவரோ இந்த வயதிலும் மனைவியின் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு, தன் பழைய காரின் புகழ் பாடினார். ஒரு தடவை சுவரில் இடித்ததில் சுவர்தான் விழுந்ததாம்.

"பாவம் சுவர்," என்றார் அந்த அம்மா.

திரையைப் போட்டுக் காட்டினேன். "அதெல்லாம் இவகிட்ட காட்டுங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. நிறம் கேட்டதற்கும் அதே பதில்.

கதவைத் திறந்தார், மூடினார். காது கொடுத்துக் கேட்டார். மறுபடியும் மூடினார். பானை வாங்க வந்தவர் கெட்டார், போங்கள்.

"இடிச்சா நசுங்கிடுமே தம்பி."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நசுங்கத்தான் சார் செய்யும். உங்க பழைய வண்டி தன்னைக் காப்பாத்திக்கும். இது தானே நசுங்கி, உள்ள இருக்கறவங்களைக் காப்பாத்தப் பார்க்கும்."

கதவின் மேலிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"ஓட்டறவங்களையுமா?"

அந்தக் கேள்வியில் பழைய வீறாப்பு துளியும் இல்லை.

"அவங்களைத்தான் சார் முதல்ல."

"அப்ப இதையே எடுத்துக்கலாம்."

அப்பாடா என்று இருந்தது. ஓட்டிப் பார்க்கட்டும் என்று சாவியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

அந்த அம்மா வாங்கிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய் அவருடைய கதவைச் சாத்தினேன்.

பெரியவர் வண்டியின் மேல் கையை வைத்து, முன்விளக்கைத் தடவி, பானெட்டைத் தடவி, மெல்ல மறுபக்கம் வந்தார். கைப்பிடி விரலில் பட்டதும் நின்றார்.

"போன மாசம்தான் லைசென்ஸ் வாங்கினா தம்பி. ஒரே பயமா இருக்கு எனக்கு," என்றார், சற்று முன்பு நான் நின்றிருந்த இடத்தைப் பார்த்து.