பெரியண்ணன் வர்றாரு

குடும்ப மானத்துக்காக அண்ணன் தம்பிகள் துப்பாக்கி தூக்கும் அந்தப் பழைய கௌபாய் படத்தை உதயராஜ் பாதியிலேயே அணைத்தான்.

“வண்டிய எடுடா. நாலந்தாவுக்குப் போகணும்.”

தம்பி திலீபன் சாவியைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினான். வீட்டை விட்டு ஓடிப்போய்க் கல்யாணம் கட்டிய தங்கை ஜெயந்தினி அந்த ஊரில்தான் இருக்கிறாள். கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று மூன்று வருடமாகக் கறுவிக்கொண்டிருப்பவன் அண்ணன். இன்று அவன் சட்டைக்குள் ஏதோ புடைத்துக்கொண்டும் இருந்தது.

முச்சக்கர வண்டியைக் கிளப்புமுன் திலீபன் தங்கைக்குக் களவாகச் செய்தி அனுப்பினான்: ‘பெரியண்ணன் வர்றாரு. பிள்ளையத் தூக்கிட்டு ஓடிரு.’

வழியெல்லாம் உதயராஜ் ஒன்றையே சொன்னான். “வெரசா போடா, நேரம் தப்பிரும்.”

வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் மாவிலைத் தோரணம் மட்டும் ஆடியது.

உதயராஜ் படியில் தொப்பென்று உட்கார்ந்தான். சட்டைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். குழந்தைக்குப் பட்டுச்சட்டை; அதற்குள் ஒரு சோடி தங்கத் தோடு.

“இன்னைக்குப் பிள்ளைக்குக் காது குத்துறாங்கன்னு கேள்விப்பட்டேன். தாய்மாமன் ரெண்டு பேரு இருக்கிறப்ப வேற எவன் மடியிலயாவது உக்கார வச்சா, நம்ம குடும்பத்துக்குத்தானேடா மானக்கேடு? எங்கடா போனாங்க எல்லாரும்?”

திலீபனின் கைப்பேசி அதிர்ந்தது.

‘தப்பிச்சிட்டோம் சின்னண்ணே. இந்த உதவிய உயிருள்ளவரைக்கும் மறக்கமாட்டேன்.’