கல்லின் பின்பக்கம்

கல் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுல்தானின் கல்லறைச் சுவரில் நாற்பதடி உயரத்தில் ஒரு பொந்து. அரித்துப்போன பழைய கல்லைப் பெயர்த்தெடுத்த இடம். உள்ளே குழைத்த சுண்ணாம்பை அப்பியாகிவிட்டது. புதுக்கல்லை அரைச் சுற்று திருப்பித் தள்ள வேண்டியதுதான் பாக்கி.

சாரத்தில் நின்றிருந்த இன்ஜினியர் உஷாராணி கையை உயர்த்தினாள். சங்கிலி நின்றது.

புதுக்கல்லின் பின்பக்கத்தில் அந்த ஆண்டைப் பொறிக்க வேண்டும் என்பது விதி. பின்னால் வருகிறவர்கள் அதையும் சுல்தான் காலத்துக் கல் என்று நம்பிவிடக் கூடாதாம். ஆண்டைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கல்லோடு சேர்த்து, செதுக்கியவனையும் அன்றே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கல்லில் ஆண்டுக்குக் கீழே இந்தியில் ஒரு பெயர் இருந்தது. ராம்கிஷன்.

செதுக்கிய பன்வாரி பக்கத்திலேயே நின்றான். நான்கு வருடமாக அவளிடம் வேலை பார்ப்பவன். அவன் உளி ஒரு நூல் பிசகியதில்லை.

"மேரா நஹீ ஹை, மேடம்" என்றான்.

அவன் பெயர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு மேலதிகாரி பார்வையிட வருகிறார். மணி பத்து ஐம்பது. இன்றைக்குப் பார்த்துத்தானா இவனுக்கு இந்த வேலை என்று எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில் பயமும் இருந்தது.

கீழே ஈரோட்டிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டம் ஒன்று அண்ணாந்து நின்றது. மண்ணைச் சரிவாகக் கொட்டிக் கொட்டி, அதன் மேல் மாடு கட்டி இழுத்துக் கல்லை ஏற்றினார்கள் என்று தமிழ் வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். சுவர் உயர உயரச் சரிவும் உயர்ந்ததாம். கட்டி முடிந்ததும் அத்தனை மண்ணையும் திரும்ப அள்ளினார்களாம்.

"இத்தன பாடு எதுக்குங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"பேர் நிலைக்கணும்னுதான். வேற எதுக்கு?"

கூட்டம் தலையாட்டிவிட்டு நுழைவாயில் பலகையைப் படம் எடுக்கப் போனது. பலகையில் சுல்தானின் பெயர் மூன்று மொழியில் இருந்தது.

பன்வாரி இடுப்பிலிருந்து உளியை உருவி அவளிடம் நீட்டினான். அழிப்பதானால் நீங்களே அழித்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். ஐந்து நிமிட வேலைதான்.

அவள் உளியை வாங்கினாள். கையில் கனத்தது.

வாசலில் வெள்ளை ஜீப் வந்து நின்றது. பொந்துக்குள் சுண்ணாம்பின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது.

உளியைச் சாரத்துப் பலகை மேல் வைத்துவிட்டு, தள்ளு என்று கையைக் காட்டினாள்.

கல் திரும்பியது. பெயர் சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனது. பன்வாரி மரச்சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டினான். இனி நானூறு வருடத்துக்கு யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

சாரத்தின் பலகையில் உட்கார்ந்து, பணிப் பதிவேட்டை மடியில் விரித்து எழுதினாள்: 'கல் எண் 41. பொருத்தப்பட்டது. பின்பக்கம்: ஆண்டு மட்டும்.' கையெழுத்தும் போட்டாள்.

அந்தப் பதிவேட்டில் அவள் எழுதிய இரண்டாவது பொய் அது.

முதலாவது பதினெட்டுப் பக்கம் முன்னால் இருந்தது. இதே சாரத்திலிருந்து விழுந்தவனைப் போர்த்தி வண்டியில் ஏற்றிய பிறகு, அலுவலகத்திலிருந்து போன் வந்த பிறகு, அவள் எழுதியது:

'ராம்கிஷன் இன்று வேலைக்கு வரவில்லை.'